கனகத்தின் விசிட்டர் பாஸ்

கனகத்துக்குத் தன் கணவரைப் பற்றிக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. கொஞ்சம் என்று சொல்வதெல்லாம் ஒரு மரியாதைக்குத்தான். காஞ்சன்பாக்கில் ஆபீஸ் கொடுத்த குடியிருப்பில் முப்பது வருஷத்துக்கு மேல் குடித்தனம் நடத்தியவள் அவள். அங்கே இருந்த பெண்களில், புருஷன் ஆபீசில் என்ன செய்கிறார் என்று தெரிந்தவள் ஒருத்தியும் கிடையாது. தெரியாது என்பதையே ஒரு நகை மாதிரி கழுத்தில் போட்டுக்கொண்டு திரிந்தார்கள். ராணுவத்துக்காக ஏதோ ஒன்று அங்கே தயாராகிறது, அதில் பாலச்சந்திரனுக்குப் பொறுப்பான ஒரு நாற்காலி இருக்கிறது என்பது வரைக்கும்தான் கனகத்துக்குத் தெரியும். கோவில்பட்டியிலிருந்து வந்த நாத்தனார் துருவித் துருவிக் கேட்டபோது, அவர் வேலைக்குப் போகிறார், சம்பளம் கொண்டுவருகிறார், அதற்கு மேல் உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டு அவள் வாயை அடைத்தவள் கனகம்.

பாலச்சந்திரன் ஓய்வுபெற்றார். தார்நாகாவில் வாங்கிய வீட்டில் பத்துப் பன்னிரண்டு வருஷம் நன்றாகத்தான் இருந்தார். பிறகு மறதி வந்தது. சாவியில் ஆரம்பித்து, பேரனின் பெயரில் கை வைத்து, கடைசியில் சொந்த வீட்டு வாசலையே அடையாளம் தெரியாமல் ஆக்கிவிட்டது. இரண்டு முறை தெருவில் தொலைந்துபோய்ப் போலீஸ்காரர்கள் கொண்டுவந்து விட்டார்கள். அதன் பிறகு மகள் அக்ஷதா அழுது அடம்பிடித்து அவரை லோத்குண்டாவில் ஒரு இல்லத்தில் சேர்த்தாள். மறதி நோய் வந்தவர்களை மட்டுமே வைத்துப் பார்த்துக்கொள்கிற இடம் அது. பின்பக்க மதிலுக்கு அப்பால் ராணுவ நிலம். காலையில் விசில் சத்தமும் பூட்ஸ் சத்தமும் கேட்கும். பாலச்சந்திரனுக்கு அந்தச் சத்தம் பிடித்துப்போயிற்று. நம்ம இடம்தான் என்று தோன்றியிருக்க வேண்டும்.

அந்த இல்லத்தின் பொறுப்பாளர் ஆக்னஸ். ராணுவத்தில் நர்சாக இருந்து மேஜராக ஓய்வு பெற்றவள். வெள்ளைக்காரன் காலத்தில் செகந்திராபாத்துக்கு வந்து சேர்ந்த குடும்பம். அவள் பேசும் தமிழில் பாதி தமிழ், மீதியை ஊரே போட்டுக் கலக்கிவிட்டது. எல்லோருக்கும் அவள் மேஜரம்மா. கனகம் யாரையும் லேசில் மதிக்கிறவள் இல்லை. ஆனால் ஆக்னஸ் படுக்கை விரிப்பைச் சுருக்கமில்லாமல் இழுத்துச் செருகுகிற விதத்தைப் பார்த்த அன்றே, இவள் நம்பத் தகுந்தவள் என்று முடிவு கட்டிவிட்டாள்.

மறதியைக்கூடக் கனகம் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது மழைக்காலம் முடிகிற சமயத்தில் வந்தது. ஒரு நாள் சாயங்காலம், வீட்டிலிருந்து கொண்டுபோன காப்பியை அவள் டம்ளரில் ஊற்றிக்கொண்டிருந்தாள். பாலச்சந்திரன் அவளை மேலும் கீழும் பார்த்தார். எழுந்து போய் ஆக்னஸை ஓரமாகக் கூப்பிட்டார். குரலைத் தணித்துத்தான் சொன்னார், ஆனாலும் கனகத்தின் காதில் விழுந்தது.

"மேஜர், இந்த அம்மா என் மனைவி இல்ல. அவளை மாதிரியே ஒருத்தியத் தயார் பண்ணி அனுப்பியிருக்காங்க. பையைச் சோதனை போடுங்க."

கனகம் சிரித்துவிட்டாள். வேடிக்கை என்று நினைத்தாள். மறுநாளும் அதையே சொன்னார். அதற்கடுத்த நாள் காப்பியைத் தொடவில்லை. அதில் ஏதோ கலந்திருக்கிறதாம்.

வியாழக்கிழமைதோறும் இல்லத்துக்கு வருகிற மனநல டாக்டர் உஷா, கனகத்தை உட்கார வைத்துப் பொறுமையாக விளக்கினாள். மறதி நோயில் சிலருக்கு இப்படியும் ஆகும். முகம் கண்ணுக்குத் தெரியும். ஆனால் முகத்தைப் பார்த்ததும் மனசில் வரவேண்டிய 'இவள் நம்மவள்' என்ற உணர்ச்சி வராது. அது ஏன் வரவில்லை என்று மூளை தானாக ஒரு கதை கட்டிக்கொள்ளும். கட்டிய கதையைக் கல்லில் வெட்டியது மாதிரி நம்பும். இந்த இல்லத்திலேயே ஒரு அம்மாள் தினமும் வளையல் திருடு போய்விட்டது என்பார். சாவித்ரி என்று இன்னொருவர், திரைச்சீலையில் குழந்தைகள் விளையாடுவதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார். அந்தக் குழந்தைகளை யாரும் விரட்டுவதில்லை. அவருக்கு அவற்றால் பயமில்லை, அதனால் மருந்தும் இல்லை. பயமும் ஆபத்தும் வந்தால்தான் மருந்தைப் பற்றி யோசிப்போம் என்றாள் உஷா. முக்கியமாக, அவரோடு வாதாட வேண்டாம் என்றாள்.

கனகம் தலையை ஆட்டினாள். ஆட்டிய தலையோடு வீட்டுக்குப் போய், பரணில் ஏறிக் கல்யாண ஆல்பத்தை எடுத்தாள்.

வாதாடக் கூடாது என்றால் என்ன அர்த்தம்? நாற்பத்தாறு வருஷமாக ஒருத்தருக்குப் பெண்டாட்டியாக இருப்பவள், அப்படி இல்லையென்று ஒத்துக்கொள்ள வேண்டுமா? அடுத்த ஒரு வாரம் அவள் நடத்தியது ஒரு கோர்ட் வழக்குத்தான். முதல் நாள் ஆல்பம். இரண்டாம் நாள் அவர் முழங்காலில் இருக்கும் தழும்பு எப்படி வந்தது என்ற கதை. மூன்றாம் நாள், மாமனார் கல்யாணப் பந்தலில் என்ன சொல்லிச் சண்டை போட்டார் என்பது. பாலச்சந்திரன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். அவள் ஒவ்வொன்றாக நிரூபிக்க நிரூபிக்க அவர் முகம் இருண்டுகொண்டே போனது. ஆக்னஸிடம், இந்தப் பெண்ணுக்கு நல்ல பயிற்சி கொடுத்திருக்கிறார்கள், இவளைச் சாதாரணமாக நினைக்காதே என்று எச்சரித்தார். பாதுகாப்பு வேலையிலேயே ஊறிய மனுஷனிடம், எல்லாம் தெரிந்த ஒரு ஆள் வந்து நின்றால் அவர் வேறு என்னதான் நினைப்பார்? இந்தச் சின்ன விஷயம் கனகத்துக்கு அப்போது உறைக்கவில்லை.

கடைசியாக அவள் தன் பெரிய ஆயுதத்தை எடுத்தாள். பாலச்சந்திரனுக்குப் பல்லி என்றால் உயிர் போய்விடும். பெரிய பெரிய அதிகாரிகளை எல்லாம் நிறுத்திக் கேள்வி கேட்டவர், பல்லியைக் கண்டால் கட்டில்மேல் ஏறி நின்றுகொண்டு மனைவியைக் கூப்பிடுவார். மகளுக்குக்கூடத் தெரியாமல் கனகம் காப்பாற்றிவந்த விஷயம் அது. அன்றைக்கு அவர் காதருகே குனிந்து அதைச் சொன்னாள். "பல்லியைக் கண்டா கட்டில்ல ஏறி நிக்கிற ஆளுதான நீங்க? இதை உங்க பொண்டாட்டியத் தவிர வேற யாரு சொல்லுவா?"

பாலச்சந்திரனின் முகம் வெளுத்தது. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"என் மனைவிய எங்க வச்சிருக்கீங்க? அவளை என்ன பண்ணுனீங்க? அவளா இதைச் சொல்லியிருக்க மாட்டா."

வாசலைப் பார்த்து ஓடினார். அவர் விழுந்துவிடப் போகிறாரே என்று குறுக்கே வந்தவர் தீபக். ஆறு வருஷமாக அங்கே ஆட்களைக் குளிப்பாட்டி, ஊட்டி, நடக்க வைக்கிறவர். பாலச்சந்திரன் முழங்கையால் இடித்த இடியில் தீபக்கின் மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. மூன்று பேர் சேர்ந்து பிடித்துத்தான் அவரை உட்கார வைக்க முடிந்தது. சாவித்ரியம்மாள் திரைச்சீலைக் குழந்தைகளுக்குப் பயப்பட வேண்டாம் என்று தைரியம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. உஷா அவசரமாக வந்தாள். சிறுநீரில் கிருமி உண்டா, மலச்சிக்கலா, எங்காவது வலியா, காது கேட்கிறதா என்று ஒன்று விடாமல் பார்த்தாள். காதில் அடைத்திருந்த அழுக்கை எடுத்தார்கள், வயிற்றுக்கு மருந்து கொடுத்தார்கள். அதில் கொஞ்சம் அடங்கினார். ஆனாலும் பொழுது சாய்ந்தால் மனைவியைக் கேட்டுக் கதவை உதைத்தார். மாத்திரை ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. இந்த வயசில் இந்த மாத்திரை நடையைக் கெடுக்கும், கீழே விழ வைக்கும், பக்கவாதம்கூட வரலாம், எல்லாம் தெரிந்துதான் வேறு வழியில்லாமல் கொடுக்கிறேன் என்று உஷா ஒளிக்காமல் சொன்னாள். அக்ஷதா உடனே சரி என்றாள். யாரையும் அடிக்காமல் இருந்தால் போதும் என்ற இடத்துக்கு அவள் வந்துவிட்டிருந்தாள்.

இரண்டு வாரம் கனகம் வர வேண்டாம் என்று ஆக்னஸ் சொல்லிவிட்டாள். கனகம் ஒரு வாரம் தாங்கினாள். பிறகு கிளம்பிப் போய், ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தாள்.

நாற்காலியில் ஒருத்தர் உட்கார்ந்திருந்தார். தலை மார்பில் தொங்கியது. வாயோரம் எச்சில் வழிய, கழுத்தில் ஒரு துண்டு கட்டியிருந்தார்கள். தீபக் இரண்டு கையையும் பிடித்துத் தூக்கி நடக்க வைத்தபோது கால் தரையைத் தேய்த்துக்கொண்டு வந்தது. தினமும் இஸ்திரி போட்ட சட்டையோடு, நிமிர்ந்த முதுகோடு கேட்டைத் தாண்டிப் போன மனுஷன் அவர். கனகத்துக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. நேராக ஆக்னஸின் அறைக்குப் போனாள். இப்படி உட்கார்ந்திருப்பதைவிட அவர் என்னை வேஷக்காரி என்று சொல்லிக்கொண்டு திரியட்டும், மாத்திரையை நிறுத்துங்கள் என்றாள்.

உஷாவும் அன்றைக்கு அங்கே இருந்தாள். தனக்கும் அவரை இப்படிப் பார்க்கப் பிடிக்கவில்லை என்றாள். பாதியாகக் குறைக்கிறேன், அப்புறம் மெல்ல மெல்ல இன்னும் குறைக்கலாம்; ஆனால் அவருடைய பயம் குறையாமல் மருந்தை மட்டும் குறைத்தால் மறுபடியும் யாரையாவது அடிப்பார், அப்படி நடந்தால் அவரை இங்கே வைத்திருக்க முடியாது, ஆஸ்பத்திரி வார்டில்தான் போடவேண்டும், அங்கே இதைவிடப் பெரிய அளவில் கொடுத்துக் கட்டிலோடு கிடத்துவார்கள் என்றாள்.

ஆக்னஸ் இதற்குத் தன்னிடம் ஒரு யோசனை இருப்பதாகச் சொன்னாள். "நீங்க பொண்டாட்டியா வர நக்கோம்மா, வேணாம். விசிட்டரா வாங்க. கழுத்துல பாஸ் மாட்டிக்கிட்டு, கேட்டுல நின்னு, அவர்கிட்ட பர்மிஷன் கேட்டு உள்ள வாங்க. நீங்க எவ்வளவு நிரூபிக்கிறீங்களோ அவ்வளவு பயப்படறார் மனுஷன்."

கனகம் எழுந்துவிட்டாள். "நாடகம் ஆடுறதுக்கு வேற ஆளைப் பாருங்க. தாலி கட்டுனவுக முன்னாடி நான் யாரோன்னு நிக்க மாட்டேன்."

அந்த வீறாப்போடு பஸ் ஏறியவள்தான். செகந்திராபாத் வருவதற்குள் வீறாப்புப் பாதி இறங்கிவிட்டது. நெரிசலில், கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு, பல்லி விஷயத்தைச் சொன்ன அன்றைக்கு நடந்ததை மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்தாள். அதுவரை அவள் மனசில் நின்றதெல்லாம், அவர் தன்னைப் பார்த்துப் பயந்தார் என்பதுதான். அவர் என்ன சொன்னார் என்பதை இப்போதுதான் கேட்டாள்.

அவளா இதைச் சொல்லியிருக்க மாட்டா.

பெயர் போய்விட்டது, வருஷம் போய்விட்டது, சாப்பிட்டோமா இல்லையா என்பதுகூட அந்த மூளையில் தங்கவில்லை. ஆனால் கனகம் வாயைத் திறக்க மாட்டாள் என்பது மட்டும் அங்கே அப்படியே உட்கார்ந்திருக்கிறது. யாரோ அவளைப் பிடித்து வைத்துச் சித்திரவதை செய்திருந்தால் ஒழிய அந்தப் பல்லி விஷயம் வெளியே வந்திருக்காது என்று அவர் நம்புகிறார். அவர் ஓடியது தப்பிக்க அல்ல, அவளை மீட்க. தீபக்கின் மூக்கை உடைத்ததும் அவளுக்காகத்தான். இத்தனை நாளும் அவர் அவளைக் கேட்டுக் கதவை உதைத்துக்கொண்டிருந்தார். அவளோ, தன்னை மறந்துவிட்டார் என்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள்.

கனகம் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பக்கத்தில் நின்ற பெண் என்ன ஆச்சு அம்மா என்று தெலுங்கில் கேட்டாள். ஒன்றுமில்லை, என் வீட்டுக்காரர் நல்லவர் என்று இவள் பதில் சொன்னாள். அந்தப் பெண் அடுத்த நிறுத்தம் வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் கனகம் லோத்குண்டாவுக்குப் போனது வேறு ஆளாக. வழக்கமான சுங்குடிச் சேலையை விட்டுவிட்டு, அக்ஷதா வாங்கிக் கொடுத்துப் பீரோவிலேயே கிடந்த சாம்பல் நிறச் சேலையைக் கட்டினாள். கையில் காப்பி இல்லை. பையை கேட்டிலேயே கொடுத்துவிட்டாள். ஆக்னஸ் ஒரு அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கயிற்றில் கோத்து வைத்திருந்தாள். அதில் ஆங்கிலத்தில் 'விசிட்டர்' என்று பெரிய எழுத்தில் இருந்தது. அதைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளும்போது தாலிச் சங்கிலி அதற்கடியில் போயிற்று. கனகம் ஒரு விநாடி அதைப் பார்த்தாள். அப்புறம் முதுகை நிமிர்த்திக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள்.

மூக்கில் பிளாஸ்திரியோடு இருந்த தீபக்தான் உள்ளே போய்ச் செய்தி சொன்னார். பாலச்சந்திரன் அன்றைக்குக் கூப்பிடவே இல்லை. கதவோரம் வந்து, கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுப் போனார். உட்கார்ந்தே இருந்து கனகம் வீட்டுக்குத் திரும்பினாள். அடுத்த நாளும் அப்படியே. எரிச்சல் வரவேண்டியவளுக்குப் பெருமை வந்தது. கண்டவளை எல்லாம் உள்ளே விடுகிற ஆளா அவர்?

மூன்றாம் நாள் அழைப்பு வந்தது. அவர் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். மாத்திரையைக் குறைத்ததில் கழுத்து நிமிர்ந்திருந்தது, எச்சில் நின்றிருந்தது. ஆக்னஸ் பக்கத்தில் நின்றாள். எதிர் நாற்காலியைக் காட்டி, யார் நீங்கள், எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். குரலில் அந்தப் பழைய அதிகாரம். விரல்கள் மட்டும் மேஜை விளிம்பை இறுகப் பிடித்திருந்தன.

பொய் சொல்லக் கூடாது என்று கனகம் பஸ்ஸிலேயே தீர்மானித்து வைத்திருந்தாள். பெயரைச் சொல்லவில்லை. உறவைச் சொல்லவில்லை.

"தார்நாகாவுல இருந்து வாரேன், சார். உங்க வீட்டம்மா வீட்ல பத்திரமா இருக்காக. யாரும் அவுகளைத் தொடல. அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

பாலச்சந்திரன் முன்னால் குனிந்தார். "நீங்க நேர்ல பாத்தீங்களா?"

"பாத்தேன். கண்ணாடியில தலை சீவிட்டு நின்னாக."

அவர் ஆக்னஸைப் பார்த்தார். ராணுவத்தில் ஆக்னஸ் சமாளிக்காத அதிகாரியா? கண்ணைக்கூடச் சிமிட்டாமல், தகவல் உறுதிதான் சார் என்றாள். பாலச்சந்திரன் நாற்காலியில் மெதுவாகச் சாய்ந்தார். மேஜை விளிம்பைப் பிடித்திருந்த விரல்கள் தளர்ந்தன. நன்றி, நாளைக்கும் வந்து சொல்லுங்கள் என்றார். அன்று பொழுது சாய்ந்தபோது அவர் கதவை உதைக்கவில்லை.

அதற்காக எல்லாம் ஒரே நாளில் மாறிவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். மதில்மேல் ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அவர் குரல் கொடுத்த சாயங்காலங்கள் உண்டு. அப்போது தீபக் அவரோடு மதில் வரைக்கும் நடந்து, சுற்றிப் பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று ஒப்புவிப்பார். கனகமே ஒரு நாள் வாய் தவறி, சட்டை பொத்தானைச் சரியாப் போடுங்க என்று சொல்லித் தொலைத்து, அன்றைய சந்திப்பு அத்தோடு முடிந்தது. ஆனால் அவர் யாரையும் அடிக்கவில்லை. ஏற்கெனவே பாதியாகியிருந்த மாத்திரை, பிறகு அதிலும் பாதியானது. வார்டு என்ற பேச்சை உஷா எடுப்பதை விட்டுவிட்டாள். தை பிறந்த பிறகு ஒரு வியாழக்கிழமை, அந்தக் கால் மாத்திரையையும் நிறுத்திப் பார்க்கலாம் என்றாள். பதினைந்து நாள் பார்ப்போம், பயம் திரும்பினால் மறுபடி கொடுப்போம், திரும்பாவிட்டால் இவர் இங்கேயே இருக்கலாம்.

பயம் திரும்பவில்லை. வேறு மருத்துவமனைகளிலிருந்து பயிற்சிக்கு வந்த நர்சுகளிடம் ஆக்னஸ், எங்கள் பெரிய மருந்து இதுதான் என்று கனகத்தைக் காட்டினாள். கனகம் கழுத்தில் கிடந்த பாஸைச் சரி செய்துகொண்டு, ஒன்றுமே நடக்காதது மாதிரி ஜன்னலைப் பார்த்தாள். உள்ளுக்குள் தலை கூரையை இடித்துக்கொண்டிருந்தது.

அக்ஷதாவுக்குத்தான் தாங்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, அம்மா பெஞ்சில் காத்திருப்பதையும், கூப்பிட்டதும் எழுந்து போய் அப்பாவை 'சார்' என்பதையும் பார்த்துவிட்டு வெளியே ஓடி அழுதாள். இது என்ன கொடுமை அம்மா, உனக்கு வலிக்கவில்லையா என்று பாதி இங்கிலீஷிலும் பாதி ஹிந்தியிலும் கேட்டாள். வலிக்கத்தான் செய்கிறது என்றாள் கனகம். காலையில் கண்ணாடி முன்னால் நிற்கும்போது வலிக்கும். அவர் நிமிர்ந்து உட்கார்ந்து தன் சாப்பாட்டைத் தானே சாப்பிடுவதைப் பார்த்தால் போய்விடும். "உங்கப்பா தெனமும் மொத வேலையா என்னையத்தான் விசாரிக்காக. எத்தனை பேருக்கு அது கெடைக்கும்? போ, போய் மொகத்தைக் கழுவு."

மாசி மாதத்தில் ஒரு நாள். வெயில் ஏற ஆரம்பித்திருந்தது. பாலச்சந்திரன் அறைக்குள் இருக்காமல், வேப்பமரத்தடியில் நாற்காலி போடச் சொல்லி அங்கே உட்கார்ந்திருந்தார். விசிட்டரும் அங்கேயே அழைக்கப்பட்டாள். வழக்கம்போல, வீட்டம்மா நலம், சாப்பிட்டார், தூங்கினார் என்று கனகம் ஒப்பித்து முடித்தாள். வழக்கமாக அவர் நன்றி சொல்லி அனுப்பிவிடுவார். அன்றைக்கு அனுப்பவில்லை. மதிலுக்கு அந்தப்பக்கம் கேட்ட பூட்ஸ் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஒரு தடவை பெரிசா தோத்துப் போனோம்," என்றார் திடீரென்று. அவர் பேச்சில் இத்தனை நாளாக இல்லாத கோவில்பட்டி எட்டிப் பார்த்தது. "என்னன்னு கேக்கக் கூடாது. சொல்லவும் மாட்டேன். எத்தனையோ வருச வேலை, ஒரு நிமிசத்துல போச்சு. ராத்திரி பூரா ஆபீசுல இருந்துட்டு விடிஞ்சு வீட்டுக்கு வாரேன். அன்னைக்குப் பேப்பர்ல மொத பக்கத்துலயே போட்டுட்டான். கேலிப் படம் வேற. எம் பொண்டாட்டி கதவத் தொறந்தா. இன்னைக்குப் பேப்பர்காரன் வரலன்னு சொன்னா."

அந்தப் பேப்பரைச் சுருட்டி அரிசிப் பானைக்குள் திணித்தது கனகத்தின் கைக்கு இன்னும் நினைவிருந்தது. அவர் அன்றைக்குத் தலையாட்டிவிட்டுக் குளிக்கப் போனார். நம்பிவிட்டார் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"பொய்யே சொல்லத் தெரியாதவ அவ," என்றார் பாலச்சந்திரன். "தோசையத் திருப்பிப் போடும்போது கை நடுங்குது. நானும் தெரியாத மாதிரி இருந்துட்டேன். அன்னைக்கு அவ என்ன ஏதுன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா, நான் மறுநாள் வேலைக்குப் போயிருக்க மாட்டேன். போனேன். பொறவு செயிச்சோம். ஊரெல்லாம் வந்து கையக் குலுக்குனான். எனக்கு அந்தத் தோசைதான் ஞாபகம் வந்துச்சு. அவ கிட்ட இதச் சொன்னதில்ல. சொன்னா பேப்பர் விசயத்தையும் சொல்லணுமில்ல?"

எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும், நான்தான், நான்தான் என்று கத்த வேண்டும் என்று கனகத்துக்கு உடம்பு முழுக்கத் துடித்தது. கத்தினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். உங்கள் வீட்டம்மா கொடுத்து வைத்தவர் என்று மட்டும் சொன்னாள். பூட்ஸ் சத்தத்தில் அது அவர் காதில் சரியாக விழவில்லை. நன்றாகக் கேட்கட்டும் என்று நாற்காலியை அவர் பக்கமாக இழுத்துப் போட்டாள்.

பாலச்சந்திரன் சட்டென்று நிமிர்ந்தார். கோபமில்லை. கொஞ்சம் சங்கடம், கொஞ்சம் வெட்கம்.

"மேடம், தப்பா நினைக்காதீங்க. கொஞ்சம் தள்ளி உக்காருங்க. எம் பொண்டாட்டி வார நேரம். அவ மனசு சங்கடப்படக் கூடாது."

கனகம் எழுந்து, நாற்காலியைத் தூக்கி, அவர் சொன்ன இடத்தில் தள்ளிப் போட்டு உட்கார்ந்தாள். காஞ்சன்பாக்கில் இருந்த அத்தனை பெண்களும் அப்போது அங்கே வந்து அவள் தலைக்கனத்தைப் பார்த்திருக்க வேண்டும்.